கொரெல்லா ரொட்டிக்காரியின் தங்கை

டங்கன் பெல் தன் மாமியாரைக் கொன்றான். சட்டப்படிதான் கொன்றான். தப்பில்லை என்று நடுவர்களே எழுதிக் கொடுத்தார்கள். மாமியாருக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.

பதறவேண்டாம். டவுன்ஸ்வில்லுக்கு மேற்கே, வருஷா வருஷம் ராணுவம் பொய்ச் சண்டை போட்டுப் பழகுகிற காட்டில் நடந்த கதை இது. சரக்குக் கன்டெய்னர்களை வரிசையாக நிறுத்தி, கதவும் ஜன்னலும் வெட்டி, அங்கே ஓர் ஊரையே செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் அதற்குக் கொரெல்லா என்று பெயர். ஊர் என்றால் ஜனம் வேண்டுமே? சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்களைக் கூலிக்கு அழைத்துவந்து, ஒருவரை வாத்தியாராக்கி, ஒருவரை டாக்டராக்கி, ஒருவரைச் சும்மா வாசலில் உட்கார்ந்து முறைக்கிறவராக்கி விடுவார்கள். சண்டை போடும் பையன்கள் அந்த ஜனத்துக்கு அடிபடாமல் எதிரியை அடிக்கப் பழக வேண்டும். எதிரியும் அதே ராணுவம்தான், இன்னொரு படைப்பிரிவு.

டங்கன் கேப்டன், படையின் சட்ட அதிகாரி. துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை இல்லை. குண்டு போடும் முன்னால் தளபதி அவனைக் கேட்பார்: "அடிக்கலாமா?" அடிக்கப்போவது எதிரியைத்தானா, பக்கத்தில் ஊர்க்காரர்கள் எத்தனை பேர், கிடைக்கிற லாபத்துக்கு அவர்கள் படப்போகும் பாடு மிஞ்சிப் போகுமா, சேதத்தைக் குறைக்க வேறு வழி உண்டா என்றெல்லாம் யோசித்து அவன் பதில் சொல்லவேண்டும். முடிவு தளபதியுடையது. தெற்கே ஹோபார்ட் குளிரில் வளர்ந்த டங்கன், வடக்கத்தி வெயிலில் காது சிவந்து, எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லும் பிள்ளை. மனைவி லொரேனா அவனோடு சண்டை போடக்கூட முடியவில்லை என்று குறைப்படுவாள். "இவன் நம்ம பக்கத்து நியாயத்தையும் சேர்த்துச் சொல்லிடறான்" என்பாள்.

லொரேனாவின் அம்மா நீவெஸ் தொனெல்லோ. இங்கம் ஊர்க் கரும்புக்காட்டு இத்தாலியக் குடும்பம். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். பின்சீட்டில் எவன் எவனைக் கிள்ளினான் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள் என்று பேர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து டிவியோடு வாதாடி அலுத்துப்போனாள். கொரெல்லாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டாள். மகளிடம் கெய்ர்ன்ஸில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் 'இந்த வயசுல உனக்கு இது தேவையா?' என்பாள். அதோடு, மருமகன் எதிரில் திடீரென்று போய் நின்று அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்றும் ஓர் ஆசை.

நீவெஸுக்குக் கிடைத்த வேஷம் ரொட்டிக்காரி. கடைக்கென்று பிளாஸ்டிக் ரொட்டி கொடுத்தார்கள். அதை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. நேரே ராணுவச் சமையல் கூடாரத்துக்குப் போனாள். அந்தச் சமையல்காரன் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவன். என்ன செய்வான் பாவம்? மாவு வந்தது, ஈஸ்ட் வந்தது, சின்ன அடுப்பு ஒன்றும் வந்தது. மறுநாளிலிருந்து விடிந்தால் கொரெல்லாத் தெருவெல்லாம் ரொட்டி மணம். ஊர்ஜனம் கடைவாசலில் வரிசை கட்டியது. எதிரிக்கு மட்டும் மூக்கு இல்லையா? அவர்களும் வந்தார்கள். வந்தவர்களுக்கு இடம் பிடித்துப்போயிற்று. கடைக்குப் பின்னால் வலை விரித்து, குண்டு வீசும் குழாய்ப் பீரங்கிகளான மோர்ட்டார்கள் இரண்டைக் குந்தவைத்தார்கள்.

அந்த மோர்ட்டார்கள் கர்னல் ஹாலோரனின் தூக்கத்தைக் கெடுத்தன. அவருடைய பையன்கள் ஓடையைக் கடக்கப் போகும்போதெல்லாம் கொரெல்லாப் பக்கமிருந்து 'குண்டு' வரும். நடுவர் ஒருவர் வந்து "நீ செத்தாய், நீ காயம்" என்று அட்டை கட்டிவிட்டுப் போவார். விடிந்து கொஞ்ச நேரத்தில் ட்ரோன் படத்தில் வலை தெரிந்ததும் கர்னல் துள்ளினார்.

"வக்கீலே, இங்க வாய்யா. இதைப் பாரு. அடிக்கலாமா?"

டங்கன் எப்போதும்போல நிதானமாகக் கேட்டான். எதிரிதானா? எதிரிதான். பெரிய குண்டுக்குப் பதில் சின்னது போதாதா? யோசித்துப் போதும் என்றார்கள். பக்கத்தில் ஜனம்?

ட்ரோன் பார்க்கிற பெண், "கடைப்பக்கம் நடமாட்டம் இருக்கு சார்," என்றாள்.

டங்கன் தூரத்தை அளந்தான், சுவரின் கனத்தைக் கேட்டான். "மூணு பேர் வரைக்கும் உசுரு போகலாம் சார். ரெண்டு மோர்ட்டாருக்கு அது அளவு மீறின சேதம்னு சொல்ல முடியாது."

"தமிழாக்கமா சொல்லு. உண்டா, இல்லையா?" என்று கேட்க அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேட்டது ஏறக்குறைய அதைத்தான்.

"சட்டம் தடுக்கல சார்."

கர்னல் தலையசைத்தார். கொரெல்லாவில் ஒரு வேட்டுச் சத்தம், கொஞ்சம் புகை. மோர்ட்டார்கள் ஒழிந்தன. அட்டைகளோடு நடுவர்கள் ஊருக்குள் போனார்கள்.

கடைக்குள் நடந்ததை ஒரு நடுவர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். "மேடம், நீங்க செத்துட்டீங்க" என்றாராம். "நானா? அடுப்புல ரொட்டி இருக்கு!" என்றாளாம் நீவெஸ். "சாரி மேடம்." "உன் சாரியை யாரு தின்பாங்க? இரு, ரொட்டியை எடுத்துட்டு அடுப்பை அணைச்சுட்டுச் சாகறேன்." அப்படியே செய்தாளாம்.

செத்தது மூன்று பேர்தான் என்று சேதி வந்தபோது டங்கனுக்கு உள்ளூர ஒரு திருப்தி. கணக்கு அச்சுப் பிசகாமல் வந்திருக்கிறதே! இறந்தவர்களை உட்காரவைக்கும் கூடாரத்துக்கு அவனே போனான். அங்கே மூன்று பேர் கழுத்தில் அட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடு நாற்காலியில் மாமியார்.

"வாங்க கேப்டன்," என்றாள் நீவெஸ்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீ, வா, போ' என்று பேசுகிறவள். இந்த 'வாங்க'வைக் கேட்டதும் டங்கன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"மம்மா! நீங்க கெய்ர்ன்ஸ்லதானே இருக்கீங்க?"

"இருந்திருந்தா உசுரோட இருந்திருப்பேன்."

"நான் அடிக்கல மம்மா. கர்னல்தான் அடிச்சாரு. நான் சட்டத்தை மட்டும் சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

டங்கன் அவர்கள் கழுத்து அட்டைகளைப் பார்த்தான். "மூணு பேர் வரைக்கும் போனா... அளவு மீறாதுன்னு."

"ஓ. அந்த மூணு பேரு நாங்கதான். அறிமுகம் பண்ணி வெக்கறேன். இவரு மெர்வின். பம்பு ரிப்பேர் பண்றவரு, இடுப்பு ஆபரேஷனுக்குக் காத்திருக்காரு. இது டாலியா. நர்ஸுக்குப் படிக்குது, ஆஸ்பத்திரியைக் கண்ணால பாக்குறதுக்கு முந்தியே போயிடுச்சு. நான் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

மெர்வின் டீக் குவளையைத் தூக்கிக் காட்டினார். "பரவால்ல தம்பி. எனக்கு வலிக்கவே இல்ல."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க கேப்டன்," என்றாள் நீவெஸ். "நான் சட்டப்படி செத்தேனா, சட்டத்தை மீறிச் செத்தேனா?"

"சட்டப்படிதான் மம்மா."

"அப்ப சரி. மானமாத்தான் போயிருக்கேன். லொரேனாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அன்று மத்தியானமே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னான். மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தான். லொரேனா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவைக் கொன்னுட்டியா? எனக்கே எத்தனையோ நாள் தோணியிருக்கு, டங்கன். ஆனா நான் கையை அடக்கிட்டு இருந்தேனில்ல?"

கொரெல்லாவில் செத்தவர்கள் நெடுநேரம் செத்துக்கிடக்க முடியாது, ஆள் பற்றாக்குறை. மறுநாள் வேறு பெயரில் எழுந்து வந்துவிடுவார்கள். அதோடு தலைமை நடுவர் மேஜர் வீலன், கண்டிப்பான அம்மாள், ஒரு சேதியும் அனுப்பினார்: இறந்தவர்களின் குடும்பத்தார் நியாயம் கேட்டு வந்திருக்கிறார்கள், படையின் சார்பில் யாராவது போய்ப் பதில் சொல்லவேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு.

"வக்கீல் எதுக்கு இருக்கான்?" என்றார் கர்னல்.

பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்த கன்டெய்னருக்குள் ஒரு மேஜை. ஒரு பக்கம் டங்கன். மூலையில் மேஜர் வீலன், கையில் பேனா. கதவு திறந்தது. நீவெஸ் வந்தாள். டாலியாவிடம் இரவல் வாங்கிய கறுப்பு டீ-ஷர்ட். முன்பக்கத்து மண்டையோட்டுப் படம் தெரியாமல் இருக்க உள்ளே வெளியே மாற்றிப் போட்டிருந்தாள். தலையில் ஒரு கறுப்புத் துணி.

டங்கன் வேஷத்தைக் கலைக்கக்கூடாது. கலைத்தால் மதிப்பெண் போகும். "உங்க பேரு சொல்லுங்கம்மா," என்றான்.

"ரோஸினா. செத்துப்போன ரொட்டிக்காரிக்குத் தங்கச்சி."

மேஜர் நிமிர்ந்தார். "அக்கான்னு எங்கிட்ட சொன்னாங்களே?"

"தங்கச்சிதான். பாத்தாலே தெரியலியா?"

மேஜர் அடித்துத் திருத்திக்கொண்டார்.

நீவெஸ் மூக்கை உறிஞ்சி ஆரம்பித்தாள். "எங்க அக்காவாட்டம் ஒரு பொம்பளை இந்த ஊர்லயே கிடையாது. அழகுன்னா அழகு. கைன்னா அப்படிப்பட்ட கை. அவளுக்கு ஒரு மருமகன் இருக்கான். பெத்த மகன்கூட அப்படி இல்ல, அப்படிப் பாத்துக்கிட்டா. ஞாயித்துக்கிழமையானா தட்டு நிறைய ஞோக்கி, உருளைக்கிழங்கு உருண்டை, மேல கறிச்சாறு. மூணு தட்டு தின்னுட்டு 'போதும் மம்மா'ம்பான், நாலாவதுக்குத் தட்டை நீட்டுவான். அவன் எங்கே? சாவுக்குக்கூட வரலியே பாவி!"

டங்கனின் காது இரண்டும் அடுப்புக்கரி மாதிரி கனன்றன. மேஜர் வீலன் தலையைக் குனிந்து, ரொம்பக் கவனமாக எதையோ எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது.

"உங்க துக்கம் எங்களுக்குப் புரியுதும்மா," என்றான் டங்கன்.

"புரிஞ்சா சொல்லுங்க. எதுக்குச் செத்தா? யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல."

குரல் மாறியிருந்தது. அது நடிப்பா, இல்லையா என்று டங்கனுக்குப் பிடிபடவில்லை.

"கடைக்குப் பின்னாடி எதிரி மோர்ட்டார் வெச்சிருந்தான். அதை அடிச்சோம்."

"எங்களைக் கேட்டா வெச்சான்? ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா நாங்க ஓடியிருப்போமே."

"நீங்க ஓடினா அவனும் ஓடியிருப்பான்."

"ஓடட்டும்!"

"ஓடிப் போய் இன்னொரு இடத்துலேருந்து எங்க பசங்களை அடிப்பான்மா. அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே."

அந்தப் பிள்ளைகளில் நாலைந்து பேர் நீவெஸின் பஸ்ஸில் போனவர்கள். "அதுவும் சரிதான்," என்றாள் மெதுவாக. "ஆனா எங்க அக்கா போயிட்டாளே. நேத்துக்கூட அந்த எதிரிப் பசங்களுக்கு அவதான் ரொட்டி குடுத்தா. வந்ததுலேருந்து அங்கேயேதான் கிடந்துச்சுங்க. மத்தியானம் நாங்க கடையைச் சாத்திட்டுச் சாப்பிடப் போனாலும் அதுங்க நகர்ந்ததில்ல, வலைக்கடியில படுத்துத் தூங்கும். சோம்பேறிங்க."

அவள் எதிரிப் பையன்களின் சோம்பலைத் திட்டிக்கொண்டே போனாள். டங்கனுக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை.

மத்தியானம் கடை சாத்தியிருக்கும். மோர்ட்டார் அங்கேயே இருக்கும். எதை அடிப்பது என்று கேட்டான், எதனால் அடிப்பது என்றும் கேட்டான். எப்போது அடிப்பது என்று கேட்கவே இல்லை. ஊர் முழுக்க ரொட்டிக்கு நிற்கிற நேரத்தில், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று ஒரு வாய் வார்த்தை கேட்கவில்லை. ஆயுதத்தைப் போலவே நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடு என்று சட்டம் சொல்கிறது. போன மாதம்தான் இளம் அதிகாரிகளுக்கு அவனே அதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருந்தான்.

"அம்மா," என்றான். நீவெஸ் பேச்சை நிறுத்தினாள். "நாங்க காத்திருந்திருக்கலாம். காத்திருக்கலாமான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. உங்க அக்கா அதனாலதான் செத்தாங்க. மன்னிச்சுக்கோங்க."

நீவெஸ் இதை எதிர்பார்க்கவில்லை. அவனைக் கொஞ்சம் வாட்டி எடுக்கலாம் என்றுதான் வந்திருந்தாள். "ஐயோ, விடுடா டங்கன், விளையாட்டுக்குத்தானே..." என்று கையை நீட்டிவிட்டாள்.

மேஜர் வீலன் இருமினார். "ரோஸினா, உங்களுக்கு இந்த அதிகாரியை முன்னாடியே தெரியுமா?"

நீவெஸ் கையை இழுத்துக்கொண்டாள். "இவரையா? நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி தெரிஞ்சுது, அதான்."

டங்கன் நேரே கர்னலிடம் போய்ச் சொன்னான். கர்னலுக்கு ரசிக்கவில்லை.

"நடுவரே சரின்னுட்டாங்க. ஆறின புண்ணை நீ ஏன்யா சொறியறே?"

"நாம காட்டினதை வெச்சுத்தான் சார் அவங்க சரின்னாங்க. நாம பாக்காததை அவங்க எப்படிப் பாப்பாங்க?"

கர்னல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தான். "சரி. இனிமே என்ன பண்ணணும்? அதைச் சொல்லு."

அடிக்கும் முன் ஊரின் ஒரு முழு நாளைப் பார்க்கவேண்டும் என்றான் டங்கன். எப்போது கூடுகிறார்கள், எப்போது கலைகிறார்கள். ட்ரோன் பெண் அன்றிலிருந்து ரொட்டி வரிசையையும் சேர்த்துப் பார்த்தாள்.

நீண்டநாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ரோஸினா அக்காவின் கடையைத் திறந்தாள். ரொட்டி அக்காவுடையதைவிட நன்றாக இருப்பதாக அவளே சொல்லிக்கொண்டாள். புதிதாக வந்த எதிரிகள் இரண்டு மோர்ட்டாரோடு, பழைய இடத்திலேயே வந்து குந்தினார்கள். கர்னல் கூப்பிட்டார். படத்தில் வலை, வலைக்கு முன்னால் வரிசை.

"காத்திருக்கலாம் சார். ரொட்டி தீர்ந்ததும் தெரு காலியாயிடும்."

"ஓடையில என் பசங்க நிக்கறாங்க."

"அவங்களையும் கொஞ்சம் பின்னாடி நிறுத்திட்டுக் காத்திருக்கலாம்."

கர்னல் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் படத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு குண்டு போடும் கூடாரமே ரொட்டி விற்பனையை இவ்வளவு கவலையோடு பார்த்தது அதற்கு முன்னால் கிடையாது. வரிசை குறைந்தது. கடைசியாக ஓர் ஆள் மட்டும், மெர்வின், வாசலில் சாய்ந்துகொண்டு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆளு என்னய்யா இவ்வளவு பேசறான்?" என்று கத்தினார் கர்னல்.

"இடுப்பு ஆபரேஷனைப் பத்தியா இருக்கும் சார்," என்றான் டங்கன்.

மெர்வின் பேசிக்கொண்டிருக்கையிலேயே எதிரிகளில் பாதிப்பேர் ஒரு மோர்ட்டாரைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கர்னல் தொப்பியைக் கழற்றி மேஜையில் எறிந்தார். ஆனாலும் அடி என்று சொல்லவில்லை. நீவெஸ் கடையைச் சாத்தி, மெர்வினைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் தலையசைத்தார். மிச்சமிருந்த மோர்ட்டார் ஒழிந்தது. ஊரில் ஒருவருக்கும் அட்டை இல்லை.

தப்பிப்போன மோர்ட்டார் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையில் கர்னலின் பையன்கள் ஒரு லாரி நிறைய 'செத்தார்கள்'. அட்டையோடு அவர்கள் கூடாரத்துக்குப் போவதை டங்கன் ஒதுங்கி நின்று பார்த்தான். அதில் ஒருவன், ரொம்பச் சின்னவன், அவனைப் பார்த்து வணக்கம் வைத்தான்.

பயிற்சி முடிந்து எல்லோரையும் உட்காரவைத்து அலசினார்கள். லாரிப் பையன்களைப் பற்றிய கேள்வி வந்தது: அவசரமாக அடித்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களே? டங்கன் எழுந்திருக்கப் போனான். கர்னல் ஹாலோரன் அவன் தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

"காத்திருக்கலாம்னு வக்கீல் வழி சொன்னான். முடிவு பண்ணினது நான். அந்தப் பசங்க வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான். கடைவாசல்ல நின்னவங்க கேட்டு வந்த சண்டை இல்ல அது. என் பசங்க தெரிஞ்சு வந்தவங்க. நாளைக்கே மறுபடி இதே நிலைமை வந்தாலும் காத்திருப்பேன்." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆனா அந்த இடுப்பு ஆளை மட்டும் அடுத்த தடவை கூப்பிடாதீங்க."

முதல் அடியைப் பற்றிய தீர்ப்பை மேஜர் வீலன் திருத்தி எழுதினார். நேரத்தைக் கருதிப் பார்க்கத் தவறியது குறை. அதிகாரி தானே அதைக் கண்டு சொன்னது நல்லது.

டங்கன் மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு இங்கத்துக்குப் புறப்பட்டான். அறுவடைக் காலம்; ரோட்டோரமெல்லாம் கரும்புச் சோகை. டவுன்ஸ்வில்லைத் தாண்டும்வரை நீவெஸ் அவன் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திருத்திக்கொண்டு வந்தாள். கியரை இப்படிப் போடாதே, அந்த லாரிக்குப் பின்னால் ஒட்டாதே.

"மம்மா, உங்க சாவு சட்டப்படி இல்லைன்னு ஆயிடுச்சு," என்றான் டங்கன்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியாது."

"தெரியாதுதான்," என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, "நிஜச் சண்டையில, டங்கன், ரோஸினா மாதிரி ஒருத்தி வந்து கேட்டா, எதிர்ல உக்காந்து பதில் சொல்லுவாங்களா?"

"சில இடத்துல சொல்லுவாங்க. நிறைய இடத்துல மாட்டாங்க மம்மா."

"நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பு ரயில் வருகிறதென்று முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. டங்கன் காரை நிறுத்தினான். குட்டிக் குட்டிப் பெட்டிகள், வெட்டிய கரும்போடு, முடிவே இல்லாமல் ஊர்ந்து போயின.

"அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் நீவெஸ்.

"என்ன வேஷம்?"

"மேயர்."

"ஐயோ, கொரெல்லா ஜனத்தை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

"வாயை மூடிட்டு முன்னாடி பாரு," என்றாள் மாமியார். "ரயில் போயிடுச்சு."